தறியின் நாடாப்பெட்டியும் கடைசற்பொறியின் கருவிப்பிடியும்

தொழில் யாதாயினும் அதிற் செலவாகும் காலம் இருவகைப்படும். கருவி பொருளைத் தொட்டு வேலை செய்யுங் காலம் ஒன்று; ஒரு கருவியை விலக்கி அதன் இடத்தில் வேறொன்றை அமைக்குங் காலம் மற்றொன்று. முன்னையதை ஆக்கக் காலம் எனவும், பின்னையதை ஆயத்தக் காலம் எனவும் கூறலாம். பெருந்தொழிற்சாலையில் ஒரே உறுப்பு பல்லாயிரக் கணக்கிற் செய்யப்படுதலின், ஒருமுறை செய்த ஆயத்தம் அத்தனை உறுப்புக்கும் பங்கிடப்பட்டு மிகச் சிறிதாகிவிடும். வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறையின் நிலை அதுவன்று. அங்கே இன்று ஒரு திருகாணி, நாளை ஒரு கப்பி, மறுநாள் ஓர் அச்சாணி என ஒவ்வொன்றாகவே வேலை வரும். ஆகவே அங்கு உழைப்பவனின் நாளை விழுங்குவது ஆக்கமன்று, ஆயத்தமே. இவ்வாயத்தக் காலத்தைக் குறைக்கும் அமைப்புக்களுள் எளியதும் பயன்மிக்கதுமாகிய ஒன்று, கடைசற்பொறியில் வெட்டுங் கருவியை விரைந்து மாற்ற உதவும் கருவிப்பிடியாகும். அதன் தத்துவத்தையும் செய்முறையையும் விளக்குவதற்கு, நெசவாற் பெயர்பெற்ற மருதமுனையின் தறியிலிருந்து தொடங்குதல் பொருத்தமுடைத்து.

மருதமுனையும் தறியும்

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே, கடலோரமாக அமைந்த ஊர் மருதமுனை. முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1961 இல் அம்பாறை மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுட் சேர்ந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் வாழும் இவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் இலங்கையர் நினைவுக்கு வருவன அங்கு நெய்யப்படும் சாரமும் சேலையுமாகும். வீட்டின் ஒரு புறத்தில் தறியும் மறு புறத்தில் குடும்பமுமாக வளர்ந்த தொழில் அது. 1977 இற்குப் பின் இறக்குமதித் துணி தடையின்றி வந்தமையும், விசைத்தறியின் போட்டியும், நூல் விலையின் ஏற்றமும் கைத்தறியை நலிவித்தன. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தைப் பெரிதும் அழித்தது. அவ்வாறிருந்தும் தறியின் ஓசை அவ்வூரில் முற்றாக அடங்கிவிடவில்லை.

தறி மரத்தாற் செய்யப்படுவதேனும், அதன் உயிர்நாடியான இடங்களிற் பல இரும்பால் ஆனவை. நாடாவின் இரு நுனியிலும் உள்ள கூர்முனை, மிதியையும் விழுதையும் இணைக்கும் கயிறு ஓடுகின்ற கப்பியின் அச்சாணி, துணி சுருளும் உருளையின் முனைத்தண்டு ஆகியன யாவும் கடைந்து செய்யத்தக்க உறுப்புக்கள். இவற்றுள் ஒன்று தேய்ந்தாலும் தறி நின்றுவிடும். தறி நின்ற நாளுக்குக் கூலியில்லை. எனவே, அருகிலே ஒரு கடைசற்பொறியும் அதனைத் திறம்பட ஆளத் தெரிந்த ஒருவனும் இருத்தல் நெசவாளன் வாழ்வோடு நேரே தொடர்புடைய செய்தியாகும்.

நாடாப்பெட்டி கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்தைச் சேர்ந்த யோன் கே என்பவர் 1733 இல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன், நெசவாளன் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையாற் பிடித்தான். அகலத் துணிக்கு இருவர் வேண்டியிருந்தது. கயிற்றை இழுத்தவுடன் நாடா பெட்டியிலிருந்து பாய்ந்து, பாவின் ஊடே ஓடி, எதிர்ப்புறப் பெட்டியில் நிற்குமாறு கே அமைத்தார். வேகம் பெருகியது. ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. ஊடு நூலின் நிறத்தை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி, ஒரு நாடாவை எடுத்து, வேறு நிற நூல் கொண்ட நாடாவை வைக்க வேண்டியிருந்தது. கட்டமிட்ட சாரத்தை எண்ணிப் பார்ப்போர்க்கு இக்குறையின் அளவு எளிதிற் புலனாகும்.

அதனைத் தீர்த்தவர் அவருடைய மகன் இறொபேட் கே. 1760 இல் அவர் வகுத்த அமைப்பில், ஒரு பெட்டிக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அறைகள் அமைந்தன. ஒவ்வோர் அறையிலும் ஒரு நிற நாடா தங்கும். பெட்டியை ஏற்றியோ இறக்கியோ வேண்டிய அறையை நாடா ஓடும் பலகையின் மட்டத்துக்குக் கொணர்ந்தால் நிறம் மாறிவிடும். நாடாவைக் கையால் தொட வேண்டியதில்லை.

இவ்வமைப்பில் மூன்று தத்துவங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, ஒவ்வொரு நாடாவுக்கும் தனக்கே உரிய இருக்கை உண்டு. இரண்டாவது, அவ்விருக்கை ஒவ்வொரு முறையும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். மூன்றாவது, மாற்றுதற்கு ஓர் அசைவே போதும். மட்டம் சிறிது பிழைத்தாலும் நாடா பலகையில் இடித்துத் துள்ளும், நூல் அறும். ஆகவே விரைவுக்கு அடிப்படை அவசரமன்று, மாறாத மட்டமே என்பது பெறப்படும். கடைசற்பொறியின் கருவிப்பிடியிலும் இம்மூன்று தத்துவங்களே தொழிற்படுகின்றன.

கடைசற்பொறியில் எழும் இடர்

பட்டறைகளில் ‘லேத்’ என வழங்கும் கடைசற்பொறியில் வேலைப்பொருள் சுழலும்; கருவி அதனை நெருங்கி வெட்டும். பண்டைக் காலத்தில் கருவியைக் கையாற் பிடித்தே கடைந்தனர். கருவியைச் சறுக்கியொன்றில் இறுகப் பொருத்தித் திருகால் நகர்த்தும் முறையைத் திருத்தமுற அமைத்து, 1800 ஆம் ஆண்டளவில் புரி வெட்டும் கடைசற்பொறியைச் செம்மைப்படுத்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி மோட்சிலி ஆவார். அச்சறுக்கியின் மேல் நின்று கருவியைத் தாங்கும் உறுப்பே கருவித்தூண் எனப்படும்.

கருவியின் வெட்டுமுனை, சுழலும் பொருளின் அச்சு மட்டத்திற்கு நேராக நிற்றல் வேண்டும். சாதாரணத் தூணில் இதனை அமைப்பதற்குக் கருவியின் அடியில் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். கருவியை எடுத்துத் தீட்டி மீண்டும் வைக்கும்போது உயரம் மாறிவிடும். தகடுகளைத் தேடி மீண்டும் அடுக்குதல் வேண்டும். நான்கு முகத் தூணில் நான்கு கருவிகளை ஒருங்கே வைக்கலாமாயினும், ஐந்தாவது கருவி தேவைப்பட்டவுடன் பழைய தொல்லை திரும்பும். வேண்டாத மூன்று கூர்முனைகள் கையருகே நீட்டிக் கொண்டிருத்தலும் உண்டு.

இதனால் இழக்கப்படும் காலத்தை ஓர் எடுத்துக்காட்டாற் கணித்தறியலாம். ஓர் உறுப்பைச் செய்வதற்கு முகம் வெட்டல், புறம் கடைதல், துளை பெருப்பித்தல், புரி வெட்டல், அறுத்துப் பிரித்தல் என ஐந்து கருவிகள் வேண்டும் எனவும், ஒரு கருவியை மாற்ற 3 நிமிடம் ஆகும் எனவும் கொள்க. உறுப்பொன்றுக்கு 15 நிமிடம்; 20 உறுப்புக்கு 300 நிமிடம், அதாவது 5 மணி. மாற்றும் நேரம் 20 விநாடியாகக் குறையுமாயின் மொத்தம் 2000 விநாடி, அதாவது ஏறத்தாழ 33 நிமிடமே. ஒரு கருவியால் இருபது உறுப்பையும் முடித்துப் பின்னர் அடுத்ததை மாட்டலாகாதா எனின், எப்போதும் ஆகாது. ஒருமுறை கவ்வியிலிருந்து கழற்றிய உறுப்பு, மீண்டும் பிடிக்கப்படும்போது பழைய மையத்தில் அப்படியே அமைவதில்லை. புறவட்டமும் துளையும் ஒரே மையத்தில் அமைய வேண்டுமெனின், உறுப்பைக் கழற்றாமலே எல்லாக் கருவிகளும் வந்து போதல் வேண்டும்.

உயரப் பிழையின் கணக்கு

கருவி முனையின் உயரம் 0.5 மில்லிமீற்றர் பிழைத்தால் விளைவது யாது? 5 மில்லிமீற்றர் ஆரை உடையதாகக் கடைய எண்ணிய தண்டொன்றை எடுத்துக்கொள்ளலாம். பைதகரசின் தேற்றப்படி உண்மை ஆரை, 5 இன் வர்க்கமும் 0.5 இன் வர்க்கமும் கூடிய 25.25 இன் வர்க்கமூலமாகும், அது 5.025 மில்லிமீற்றர். விட்டத்திற் பிழை 0.05 மில்லிமீற்றர். இறுகப் பொருந்த வேண்டிய அச்சாணிக்கு இஃது அதிகமே.

விட்டப் பிழையினும் பெரியது கோணப் பிழை. முனை அச்சுக்கு மேலே நின்றால் கருவியின் முன்விலகற் கோணம் குறையும். இவ்வெடுத்துக்காட்டில் அக்குறைவு 5 பாகை 43 கலை. கருவி 6 பாகை விலகலோடு தீட்டப்பட்டிருந்தால் எஞ்சுவது கால் பாகையளவே. அப்போது கருவி வெட்டாது, உரசும், வெப்பம் பிறக்கும், மேற்பரப்பு கரடாகும். முகம் வெட்டும்போதோ, நடுவே 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு முளை வெட்டப்படாது நின்றுவிடும். அம்முளையே உயரப் பிழையை அறிவதற்குச் சிறந்த சோதனையுமாகும்: முளை முற்றாக மறையும்வரை கருவியை ஏற்றி இறக்கினால் சரியான மட்டம் கிட்டும்.

பிடிகளின் வகை

விரைவு மாற்று அமைப்பில் கருவித்தூண் பொறியிலே நிலையாக நிற்கும். ஒவ்வொரு கருவியும் தனக்குரிய பிடியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். பிடியோடு கருவி மாறும். உயரம் காக்கும் திருகாணி ஒவ்வொரு பிடியிலும் உண்டு. ஒருமுறை சரிசெய்து சுரையாற் பூட்டிவிட்டால், அடுத்த தீட்டல் வரை அதனைத் தொட வேண்டியதில்லை.

தூணும் பிடியும் பொருந்தும் முறை பலவாகும். அமெரிக்க அலோரிஸ் வகையில், தச்சர் புறாவால் என வழங்கும் சரிந்த பொருத்து பயன்படுகின்றது. தூணிலுள்ள ஆப்பு நெம்பியால் இழுக்கப்பட்டுப் பிடியை இறுக்கும். ஆப்புக்குப் பதிலாகச் சிறு ஆடுதண்டு பிடியை வெளிநோக்கித் தள்ளி இறுக்கும் மலிவான வகையும் உண்டு. சுவிற்சலாந்தின் மல்ற்றிபிக்ஸ் வகையில் தூண் உருளை வடிவினது. அதன் சுற்றிலும் பற்கள் இருத்தலின் பிடியை 40 வெவ்வேறு கோணங்களில் நிறுத்தலாம். அடுத்தடுத்த இரு நிலைக்கு இடையே 9 பாகை. இவ்விரண்டினும் எளியது, பற்களற்ற வழுவழுப்பான உருளைத் தூணில், பிளவுபட்ட கட்டையொன்றை நழுவவிட்டு ஒரு திருகாணியால் இறுக்கும் வகை. இங்கிலாந்தின் சிறுபட்டறைக் கலைஞரிடையே இது நோர்மன் தூண் எனப் பெயர் பெற்றது. சிறிய கடைசற்பொறி ஒன்றைத் தவிர வேறு பெரும் பொறியில்லாத பட்டறையிலும் இதனைச் செய்துகொள்ள இயலும்.

செய்முறை

அச்சு மட்டம் படுகையிலிருந்து 90 மில்லிமீற்றர் உயரமுள்ள சிறு கடைசற்பொறிக்குரிய அளவுகள் வருமாறு. தூணின் விட்டம் 35 மில்லிமீற்றர். பிடிக்கட்டையின் நீளம் 80, அகலம் 60, உயரம் 40 மில்லிமீற்றர். இரண்டையும் மெல்லுருக்காற் செய்யலாம். கட்டைக்கு வார்ப்பிரும்பும் ஏற்றது.

முதலில் தூணைக் கடைதல் வேண்டும். அடிமுகத்தையும் புறவட்டத்தையும் ஒரே பிடிப்பில் முடித்தால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகும். தூணின் நடுவே துளையிட்டு, நீண்ட திருகாணியால் மேற்சறுக்கியிற் பூட்டலாம். தலைகீழ் ஒழுங்கில், அதாவது கட்டையை முதலிற் செய்து தூணை அதற்கேற்பக் கடையலாமேயாயினும், பல பிடிகள் செய்யப்பட வேண்டியவையாதலின் தூணையே அளவுகோலாகக் கொள்வது நன்று.

அடுத்துக் கட்டையின் அடிமுகத்தைச் சமப்படுத்துதல் வேண்டும். இனிவரும் அளவுகள் யாவும் இம்முகத்திலிருந்தே எடுக்கப்படும். அடிமுகம் முகத்தட்டில் முழுதாகப் படியுமாறு கட்டையைப் பூட்டி, ஒரு நுனியிலிருந்து 34 மில்லிமீற்றர் தொலைவில் மையங் கொண்டு துளையிட்டுப் பெருப்பிக்க வேண்டும். தூண் அத்துளையில் கையழுத்தத்தால் நழுவி இறங்க வேண்டும், 0.03 முதல் 0.05 மில்லிமீற்றர் வரையான இடைவெளி போதும். இடைவெளி மிகுந்தால், இறுக்கியபின் கட்டை தூணைச் சுற்றிலும் தழுவாது. சில கோடுகளில் மட்டும் தொட்டு நின்று வேலையில் அதிரும்.

கட்டையின் மறு நுனியில், அகலத்தின் நெடுகே, 14 மில்லிமீற்றர் ஆழமும் 13 மில்லிமீற்றர் உயரமுமுள்ள தவாளிப்பு வெட்டப்படும். 12 மில்லிமீற்றர் கருவி இதில் அமரும். தவாளிப்பின் கீழே 10, மேலே 17 மில்லிமீற்றர் உலோகம் எஞ்சும். மேற்பகுதியில் மூன்று திருகாணிகளுக்குப் புரி வெட்டலாம். செங்குத்துச் சறுக்கி இருப்பின் கட்டையை அதிற் பூட்டி, வெட்டலகைக் கவ்வியிற் பிடித்து இத்தவாளிப்பைக் கடைசற்பொறியிலேயே வெட்டலாம். அஃது இல்லையாயின் வாளும் அரமும் கொண்டு செய்தலும் கூடும். தவாளிப்பின் அடித்தளம் கட்டையின் அடிமுகத்துக்கு இணையாயிருத்தலே கருத வேண்டியது.

துளைக்கு அண்மையிலுள்ள நுனியிலிருந்து துளைவரை ஒரு பிளவை வாளால் அறுத்தல் வேண்டும். துளையின் விளிம்புக்கும் நுனிக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர் உலோகம் இருத்தலின், நுனியிலிருந்து 8 மில்லிமீற்றர் தொலைவில், பிளவைக் குறுக்காகக் கடந்து செல்லும் 8 மில்லிமீற்றர் திருகாணிக்கு இடமுண்டு. அத்திருகாணிக்குரிய துளையையும் புரியையும் பிளவை அறுப்பதற்கு முன்னரே முடித்துக்கொள்ள வேண்டும். பிளவு எப்போதும் இறுதிப் பணியாகும்: முன்னரே பிளந்தால் உலோகத்தின் உள்தகைப்புத் தளர்ந்து கட்டை சிறிது விரியும், பின்னர்த் துளை வட்டமாக அமையாது.

இறுதியாக, கட்டையின் மேல்முகத்தில் ஒரு சிறு தகட்டைப் பூட்டி, அது தூணின் தலைக்கு மேலே நீளுமாறு விடுதல் வேண்டும். அத்தகட்டின் ஊடே இறங்கும் திருகாணி தூணின் தலையைத் தொடும். அதனைத் திருகினால் கட்டை உயரும் அல்லது தாழும். மட்டம் சரியானவுடன் சுரையால் அதனைப் பூட்டிவிடலாம். நாடாப்பெட்டியின் அறை, ஓடுபலகையின் மட்டத்தில் வந்து நிற்பது போன்றதே இது.

இறுக்கம் போதுமா?

வெட்டும் விசை கீழ்நோக்கி அழுத்தும். அதனை உயரத் திருகாணியும் துளையின் நீளமும் தாங்கும். கருவியை நகர்த்துவதால் எழும் விசையோ பிடியைத் தூணைச் சுற்றித் திருப்ப முயலும். அதனை உராய்வு ஒன்றே தடுத்தல் வேண்டும். அவ்விசை 300 நியூற்றன் எனவும், தூணின் மையத்திலிருந்து கருவிமுனை 60 மில்லிமீற்றர் தொலைவில் உள்ளது எனவும் கொண்டால், திருப்பம் 18 நியூற்றன் மீற்றர் ஆகும். உராய்வுக் குணகம் 0.15 ஆயின், 17.5 மில்லிமீற்றர் ஆரையுள்ள தூணின் இரு புறமும் ஏறத்தாழ 3430 நியூற்றன் விசையால் அழுத்தப்படுதல் வேண்டும். 8 மில்லிமீற்றர் உறுதியான திருகாணி இதனினும் பலமடங்கு இழுவிசையைத் தாங்க வல்லது. ஆகவே தூணில் எண்ணெய்ப் பசை படியாது துடைத்து வைத்தால் இறுக்கம் போதுமானதே. ஆயினும் உருளைத் தூண் தானாக எக்கோணத்தையும் நினைவிற் கொள்ளாது. கோணம் மாறாதிருக்க வேண்டிய புரி வெட்டல் போன்ற வேலைக்கு, பிடி சாய்ந்து நிற்கத்தக்க ஒரு தடுப்பாணியைச் சறுக்கியில் அமைத்தல் நலம்.

புறாவாற் பொருத்தை அளத்தல்

அனுபவம் முதிர்ந்தபின் புறாவால் வகையைச் செய்ய முயல்வோர் எதிர்கொள்ளும் முதல் இடர், சரிந்த மூலையை இடுக்கிமானியால் நேரே அளக்க இயலாமையாகும். இரு மூலையிலும் ஒரே விட்டமுள்ள உருளைகளை வைத்து அளப்பதே வழி. கோணம் 60 பாகையாயின், பிடியிலுள்ள உட்தவாளிப்புக்கு, அடியகலத்திலிருந்து உருளை விட்டத்தின் 2.732 மடங்கைக் கழித்தால் உருளைகளுக்கு இடைப்பட்ட தொலைவு கிடைக்கும். அடியகலம் 40 மில்லிமீற்றர், உருளை 6 மில்லிமீற்றர் எனின், அத்தொலைவு 23.61 மில்லிமீற்றர். தூணிலுள்ள புறப்பொருத்துக்கு அதே பெருக்கத்தை ஒடுங்கிய அகலத்தோடு கூட்டினால் உருளைகளின் வெளித்தொலைவு வரும். அதனை நுண்மானித் திருகுக்கணிச்சியால் அளக்கலாம். பாடசாலையிற் கற்ற கோணக் கணிதம் பட்டறையிற் கருவியாக மாறும் இடம் இது.

பட்டறையும் ஊரும்

துணியும் பொறியும் ஒன்றையொன்று வளர்த்தமைக்குத் தமிழகத்தின் கோயம்புத்தூர் சான்று. 1888 இல் அங்கு முதல் நூற்பாலை தோன்றியது. ஆலைகள் பெருகப் பெருக அவற்றின் உறுப்புக்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளும் பெருகின. பழுது பார்த்த கைகள் பின்னர் நீரேற்றியும் மின்மோட்டரும் செய்தன. 1962 இல் நிறுவப்பட்ட இலட்சுமி இயந்திர நிறுவனம் நூற்புப் பொறிகளோடு தொடங்கிக் கணினியால் இயங்கும் கடைசற்பொறிகளையும் செய்யும் நிலையை எய்தியது. அவ்வளவு பெரிய வளர்ச்சியை ஒவ்வொரு நெசவூரும் எய்தும் எனல் மிகை. ஆயினும், தன் தறிக்குரிய உறுப்பைத் தானே செய்யவல்ல ஊர், பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் ஊரினும் உறுதியுடையது என்பதில் ஐயமில்லை.

தேய்ந்த நாடாமுனை ஒன்றுக்காகத் தொலைவிலுள்ள நகரத்தை நாடிச் செல்லும் நெசவாளன் அன்றைய ஊதியத்தை இழக்கின்றான். அவ்விழப்பு அடிக்கடி நேரின் தறியையே கைவிடுகின்றான். அருகிலுள்ள பட்டறையில் அதனை ஒரு மணிப்பொழுதிற் செய்துகொள்ள இயலுமாயின் தறி தொடர்ந்து ஓடும். அப்பட்டறை நிலைப்பதற்கோ, ஒற்றை உறுப்பைச் செய்தாலும் நட்டம் வராத வகையில் ஆயத்தக் காலம் சுருங்குதல் வேண்டும். கைத்தறியின் எதிர்காலம் நூல் விலையையும் சந்தையையும் மட்டுமன்றி, இத்தகைய சிறு திறன்களையும் பொறுத்தது. கணிதமும் பௌதிகமும் கற்கும் மாணவர் ஓர் இரும்புக் கட்டையை எடுத்து, அளந்து, துளைத்து, மட்டம் பிடித்துப் பார்ப்பாராயின், தாம் கற்ற தேற்றங்கள் ஊரின் உழைப்போடு எங்கே சந்திக்கின்றன என்பதைக் கையாலும் உணர்வர்.